மச்சானுக்கு வாங்கிய பாட்டில்

குடிக்காதவனைப் போலத் தொந்தரவு பிடித்த பிறவி உலகத்தில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி கவிதா சொன்னது. எட்டு வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டு நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நாமக்கல்லில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். எத்தனாலின் கொதிநிலையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்கு மேல் அந்தத் திரவத்தோடு எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. அந்த ஒழுக்கத் திமிரில்தான், என் கல்யாணத்தன்று கவிதாவின் அண்ணன் தங்கவேலு, கூட்டாளிகளோடு கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போட்டோவுக்கு மேடையேறியபோது, "வாசம் அடிக்குதுங்க மச்சான், கீழ எறங்குங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். (பக்கத்தில் நாதஸ்வரக்காரரின் மைக் இருந்ததை யார் கண்டது?) மண்டபம் முழுக்கக் கேட்டது.

மச்சான் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர். ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்துப் போர்வெல் போடுகிற ஆள். அப்படிப்பட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். மூன்று வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதற்குள் மகள் பிறந்து காதுகுத்தும் வந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் காது குத்த முடியாது. கவிதா அண்ணனுக்குப் போன் போட்டு அழுதாள். ஸ்பீக்கரில் வந்த பதிலை நானும் கேட்டேன்.

"கோயலுக்கு வாரேன் அம்மிணி. புள்ளய மடியில வெச்சுக்கறேன். அதோட சரி. ஊட்டுக்குன்னு கூப்புடாத."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, எங்கண்ணன் இந்த ஊட்டுப் படி ஏறுனாத்தான் எனக்கு நிம்மதி. வாயத் தொறந்து மன்னிப்புக் கேக்க உங்களுக்கு வராது. ஒரு நல்ல விஸ்கியா வாங்கிக் குடுங்க. கண்டதையும் வாங்கீராதீங்க, அண்ணன் மோந்து பாத்தே சொல்லிருவாரு."

நல்ல விஸ்கி! நல்ல கத்தரிக்காயே எனக்குப் பொறுக்கத் தெரியாது.

ஆசிரியர் அறையில் நைசாக விசாரித்தேன். இயற்பியல் சார் வயதைப் பார்த்து வாங்கச் சொன்னார். (மச்சானின் வயதா என்று கேட்டுத் தொலைத்தேன்.) விளையாட்டு சார், விஸ்கியே வேண்டாம், ரம்தான் மரியாதை என்றார். கணக்கு சார், தான் குடிப்பதே இல்லை என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசினார்.

நாமக்கல்லில் வாங்கினால் மாணவர்களின் பெற்றோர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பைக்கில் சேலம் போனேன். அங்கே ஒரு மாலுக்குள், இறக்குமதிச் சரக்கை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய கடை. ஹெல்மெட்டோடே உள்ளே நுழைந்தேன். காவலாளி கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

"அட, கெமிஸ்ட்ரி சார்! வணக்கம் சார்!"

ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். அவர் மகன் எங்கள் பள்ளி விடுதியில் தங்கி என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்.

"எனக்கில்லைங்க, மச்சானுக்கு" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க" என்று கண்ணடித்தார்.

தங்க எழுத்தில் பேர் போட்ட ஒரு பெட்டியை எடுத்தேன். "அதை வைங்க சார், அது வெறும் பெட்டி" என்று பிடுங்கி வைத்தார். மச்சான் தண்ணீர் கலப்பாரா, சோடாவா? தெரியாது. ஐஸ் போடுவாரா? தெரியாது. புகைவாசம் பிடிக்குமா? "பீடி குடிப்பார்" என்றேன். அவர் மகனின் விடைத்தாளைத் திருத்தும்போது நான் பார்க்கிற அதே பார்வையால் அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. மக்கிய மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை எப்படிக் காயவைப்பார்கள், மரப்பீப்பாயில் எத்தனை வருடம் ஊறும், எல்லாம் சொன்னார். நடுநடுவே, "அரையாண்டுல பையன் ஏன் சார் ஃபெயிலு?" என்றும் கேட்டார். சரக்கு அலமாரிக்கு நடுவில் நின்று பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடத்திய ஒரே ஆசிரியன் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் பன்னிரண்டு வருடம் ஊறிய சிங்கிள் மால்ட் ஒன்றை என் கையில் கொடுத்தார். "ஒரு வாய் குடிச்சா எந்தச் சண்டையும் தீந்துடும் சார்."

வாயில் வராத மன்னிப்பைச் சீட்டில் எழுதிப் பாட்டில் கழுத்தில் நூலால் கட்டினேன். லீவ் லெட்டரைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லாததால் அதுவும் அப்படியே வந்தது: "அன்புள்ள மச்சானுக்கு, தங்களை மேடையை விட்டு இறங்கச் சொன்னது என் தவறு. தயவுகூர்ந்து மன்னித்து, ஒருநாள் வீட்டுக்கு வருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, செந்தில்."

காதுகுத்து, சேந்தமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் முனியப்பன் கோயிலில். பாட்டிலை அதன் பெட்டியில் போட்டு, துண்டில் சுற்றிக் கார் டிக்கியில் வைத்தேன். மச்சான் கிளம்பும்போது அவர் வண்டியில் வைத்துவிடுவதாகத் திட்டம். இதில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டேன். முனியப்பனுக்குக் கறிச்சோறு, சுருட்டோடு ஒரு பாட்டிலும் படைப்பது எங்கள் வழக்கம். "படையலுக்கு ஒரு கோட்டரு வாங்கியாந்துரு சாமி" என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் வந்தார். என் வணக்கத்தைக் காற்றில் விட்டுவிட்டு, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காது குத்தும் ஆசாரி முன்னால் உட்கார்ந்தார். நான் படையல் பக்கம் திரும்பினேன். கறிச்சோற்றுக்கு நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு என் சிங்கிள் மால்ட் நின்றது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நானு கோட்டருதான் கேட்டேன். எம்பையன் சாமிக்குன்னு முழுப் பாட்டலு, பொட்டியோட வாங்கி டிக்கியில ஒளிச்சு வெச்சிருக்கான் பாருங்க."

இதற்கு மேல் என்ன சொல்வது? சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடு என்றா?

அத்தோடு விட்டதா? ஜனங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதி வைத்தால், பூசாரி அதை முனியப்பனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். பாட்டில் கழுத்தில் சீட்டைப் பார்த்தார். பிரித்தார். படித்தார். அன்புள்ள மச்சானில் ஆரம்பித்துக் கீழ்ப்படிதலுள்ள செந்தில் வரை, ஒரு எழுத்து விடாமல், உடுக்கை அடித்துப் பழகிய தொண்டையில்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏஞ்சாமி, முனியப்பனா உனக்கு மச்சான்?" என்றார் பூசாரி. "அவர எந்த மேடையில இருந்து எறங்கச் சொன்ன?"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மச்சான் பக்கம் பார்த்தேன். பூசாரி தலையை ஆட்டிவிட்டு, மூடியைத் திருகி, பன்னிரண்டு வருடத்தை வேல்கம்பின் மேல் சாய்த்தார். புகைவாசம் கோயில் முழுக்கப் பரவியது.

"பூசாரி! நிறுத்துங்க!"

மச்சான்தான். மடியில் குழந்தை, ஒரு காது குத்தி மறு காது பாக்கி. எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டிக்கொண்டு கத்தினார். "அந்த மச்சான் நாந்தானுங்க!"

"சாமிக்குன்னு வெச்சது சாமிக்குத்தானுங்க" என்று பூசாரி ஊற்றினார். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து, தீர்த்தம் என்று மச்சானிடம் கொடுத்தார். மறு காதும் குத்தி முடிந்தபின் மச்சான் அதை இளநீரில் கலந்து குடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"மாப்ள" என்றார். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை. "இத மண்ணுல ஊத்தறதுக்கு, நீ என்னைய இன்னொருக்கா மேடைய உட்டு எறக்கியிருக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (புகைவாசம்.) அன்று மத்தியானம் எங்கள் கார் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் கார் வாசலில் நின்றது. கவிதா செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கி ஓடினாள்.

அடுத்த வருடம் அம்மா சொன்ன கோட்டரை மறக்காமல் வாங்கிப் போனேன். பூசாரி மோந்து பார்த்துவிட்டு, "சாமிக்கு அந்தப் பொகைவாசத்துதானுங்க வேணும்" என்று ஓரமாக வைத்துவிட்டார். (சாமிக்கா, பூசாரிக்கா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.) அன்றிலிருந்து வருடம் தவறாமல் மச்சானே ரெண்டு பாட்டிலோடு வருகிறார். ஒன்று கோயில் மச்சானுக்கு, ஒன்று ஊட்டு மச்சானுக்கு என்று தன்னைக் காட்டிச் சொல்வார்.

போன வாரம், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் குடும்ப மரம் வரைகிற வீட்டுப்பாடம். தாய்மாமன் கிளையில் இரண்டு படம் வரைந்திருந்தாள். ஒருவர் ரிக் வண்டியில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் பெரிய மீசையோடு கையில் வேல்கம்பு பிடித்திருந்தார். அழித்துவிட்டுச் சரியாக வரை என்று சொல்ல வாயெடுத்தேன். கவிதா என்னைப் பார்த்தாள். பெற்றோர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.