சகலை உரித்த முட்டை

இந்த ஞாயிற்றுக்கிழமை என் சகலையின் மூக்கை உடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். கையால் அல்ல. உருளைக்கிழங்கால்.

என் மனைவியின் அக்காவைக் கட்டிக்கொண்ட அந்த மனிதர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். மெத்தை விற்பதால் தன்னை மெத்தப் படித்தவர் என்று நினைப்பு. சகலமும் தெரிந்தவருக்குத்தான் சகலை என்று பெயர் என அவரே ஒரு விசேஷ வீட்டில் நாலு பேருக்கு நடுவே விளக்கம் கொடுத்தார். அப்படிப் பார்த்தால் நானும் அவருக்குச் சகலைதானே? அது அவருக்குத் தோன்றவே இல்லை. நான் பார்சல் ஆபீசில் எடை போடுகிறவன். எது கனம், எது கனமில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பேச்சில் கனமே கிடையாது.

இரண்டு குடும்பமும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுக்குப் பிக்னிக் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை மாலை நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி போனை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

கல்யாணமான எவனும் இந்த ‘ஒண்ணுமில்ல’யை நம்பி நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை.

“பரவால்ல, சொல்லு.”

“பிக்னிக்குக்கு அவங்க வீட்டுச் சாப்பாட்டை முழுக்க அத்தானே செய்யறாராம். அக்காவை அடுப்பங்கரைப் பக்கமே வராதேன்னுட்டாராம்.”

“யாரு, அவரா? அவருக்கு வெந்நீர் வெக்கத் தெரியுமா?”

“தெரியுதே. என்ன பண்றது, எல்லாருக்கும் அப்படி அமையுமா?”

அமையுமா! அந்த ஒரு சொல் என்னை உட்கார விடவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தேன். சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தேன். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது.

“நம்ம வீட்டுச் சாப்பாட்டை நான் செய்யறேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வீண் வம்பு? நானே நாலு ரொட்டியில வெண்ணெய் தடவி எடுத்துக்கறேன்.”

“ஏன், என்னால முடியாதா?”

“முடியாதுன்னு நான் சொன்னா நீங்க கேக்கவா போறீங்க?”

இந்தக் கேள்வியைப் பிறகு பலமுறை எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். தராசு முள் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் ஒரு தையல் இயந்திரத்தை எடை போட்டுவிட்டு, சீட்டில் பொருள் என்ற இடத்தில் ‘உருளைக்கிழங்கு’ என்று எழுதினேன். அனுப்ப வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வேறு கவலை. செய்வதற்குச் சுலபமாக இருக்க வேண்டும். வண்டியில் சிந்தக் கூடாது. ஆறினாலும் ருசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சகலையின் வாயை அடைக்க வேண்டும். வாயை அடைக்க உருளைக்கிழங்கை விட்டால் வேறு எது இருக்கிறது? வேகவைத்து மசித்து, மிளகும் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் வைத்துவிட்டால் முடிந்தது. வாயில் சொல்லும்போது அது அரை நிமிட வேலை.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். உருளைக்கிழங்கு என் சொல்லைக் கேட்காமல் குழைந்து கூழானது. மகள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா, இது திங்கறதுக்கா, சுவத்துல பூசறதுக்கா?”

மனைவி பக்கம் திரும்பினேன். அவள் சாவகாசமாக நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வழக்கமாகச் சமைக்கிற வேளையில் அவள் கைக்கு ஓய்வு கிடைத்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

“எனக்கென்னங்க தெரியும்? அத்தான் எப்படிச் செய்யறார்னு வேணா கேட்டுச் சொல்லட்டுமா?”

“வேண்டவே வேண்டாம்!”

“சரி சரி. தோலோட வேகவெச்சு, தண்ணிய வடிச்சு, ஆவி அடங்கினப்புறம் மசிச்சா இப்படி ஆகாதுன்னு யாரோ சொன்னாங்க. அத்தான்தானோ என்னவோ.”

அத்தான் என்றால் கேட்டிருக்க மாட்டேன். ‘யாரோ’ என்றதால் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே போர் தொடங்கியது. ஆயுதம் போன். மனைவி ஊஞ்சலில் உட்கார்ந்து, தெரு முனை வரை கேட்கும் குரலில் அக்காவோடு பேசினாள்.

“அப்படியா அக்கா? அத்தான் முட்டையெல்லாம் அவிச்சு உரிச்சே வெச்சுட்டாரா? ஒரு கீறல்கூட இல்லாமலா?”

என் கையில் இருந்த முட்டையைப் பார்த்தேன். கோழியே பார்த்தாலும் தன் முட்டை என்று ஒப்புக்கொள்ளாது.

“இவர் மட்டும் என்னவாம்?” என்றாள் மனைவி திடீரென்று. “ஆப்பிளை மெல்லிசா நறுக்கி, கறுத்துப் போகாம இருக்க எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, டப்பாவுல அடுக்கியே முடிச்சுட்டாரு!”

ஆப்பிள் கூடையில் முழுசாகத்தான் இருந்தது. என் மானத்தைக் காப்பாற்ற ஒருத்தி கூடப் பிறந்த அக்காவிடமே பொய் சொல்கிறாள். கட்டினவளைப் பொய்க்காரி ஆக்கலாமா? கத்தியை எடுத்தேன்.

“வெள்ளரிக்காயைத் தனியா ஒரு டப்பாவுல கொண்டு வராரு அக்கா. முன்னாடியே ரொட்டிக்குள்ள வெச்சா ஊறிப் போயிருமாம். அவரேதான் சொன்னாரு.”

நான் சொல்லவே இல்லை. ஆனால் சொல்லக்கூடிய ஆள்தான் என்று எனக்கே பட்டது. வெள்ளரிக்காயை எடுத்தேன்.

“என்னது, அத்தான் கடலையும் வறுத்துட்டாரா?” என்று ஊஞ்சல் அதிர்ந்தது. நான் வாணலியை ஏற்றினேன். “பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டாரு அக்கா, அடுப்பு பளபளன்னு இருக்கு!” கழுவினேன். கவிழ்த்தேன். அடுப்பைத் தேய்த்ததில் என் முகம் அதில் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியாக டப்பாக்களை ஒரு பெட்டியில் அடுக்கி, பார்சல் ஆபீஸ் வழக்கப்படி ‘உடையும் பொருள்’, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று சீட்டு ஒட்டினேன். அந்த ஒரு வேலையில் எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரை. நான் பெட்டியைத் திறந்தேன். சகலை கூடையைத் திறந்தார். எனக்கு உருளைக்கிழங்கு, முட்டை, ஆப்பிள், வெள்ளரி, கடலை. அவருக்கும் கடலை, வெள்ளரி, ஆப்பிள், முட்டை, உருளைக்கிழங்கு. அக்காவும் தங்கையும் தட்டை நிரப்பிக்கொண்டு தூரத்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் பந்தின் பின்னால் ஓடினார்கள். பாயில் மிச்சம் நாங்கள் இருவர்.

சகலை வழக்கம்போலப் பேசவில்லை. கட்டை விரலில் பிளாஸ்திரி. கண்ணில் தூக்கம்.

“முட்டை கீறலே இல்லாம உரிச்சீங்களாமே?” என்றேன், வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு.

அவர் டப்பாவைத் தள்ளினார். என் முட்டையே தேவலை.

“உங்களுக்கு எப்படி சகலை மனசு வருது?” என்றார். “பிக்னிக் சாப்பாடு முழுக்க நீங்களே செய்யறீங்கன்னு திங்கக்கிழமை என் வீட்டுக்காரி பெருமூச்சு விட்டா. எல்லாருக்கும் அப்படி அமையுமான்னு கேட்டா.”

“அது என் வீட்டுல கேட்டதாச்சே!”

“நேத்து நீங்க ஆப்பிள் நறுக்கி அடுக்கிட்டீங்கன்னு போன்ல சேதி வந்துது. அதைக் கேட்டுத்தான் நான் கத்தியையே எடுத்தேன். விரல் போச்சு.”

“அப்ப ஆப்பிள் கூடையில இருந்துது சகலை! நீங்க முட்டை உரிச்சுட்டீங்கன்னு கேட்டு நான்தான்...”

“அவ அதைச் சொல்லும்போது தண்ணியே கொதிக்கல.”

இருவர் தலையும் ஒரே நேரத்தில் மரத்தடிப் பக்கம் திரும்பியது. டப்பாவை மட்டுமல்ல, எங்களையும் சேர்த்து நன்றாகத்தான் கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாகச் சகலை மேல் எனக்குப் பாசம் பொங்கியது. பாவம், அவரும் என்னைப் போலத்தான்.

“இனிமே கத்தியைத் தொடறதில்ல,” என்றார்.

“அடுப்பையும் தொடறதில்ல. சத்தியமா?”

“சத்தியமா. வாங்க, இப்பவே போய்க் கேட்டுரலாம். நீங்க முதல்ல பேசுங்க.”

“நீங்கதானே மூத்தவர், நீங்க பேசுங்க.”

யார் முதலில் பேசுவது என்று தீர்வதற்குள் அவர்களே எழுந்து வந்துவிட்டார்கள். என் மனைவி என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றேன், குரலை உயர்த்தி.

“மெதுவாப் பேசுங்க. நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அத்தான் செஞ்ச உருளைக்கிழங்கை வாயில வெக்க முடியல. அக்காவே உங்களோடதைத்தான் ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டா.”

“நிஜமாவா?”

“உங்க கைப்பக்குவம் அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராதுங்க. அவர்கிட்ட காட்டிக்காதீங்க, பாவம், மனசு ஒடிஞ்சிருவாரு.”

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் அக்கா சகலையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சகலை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்படி ஓர் இரக்கம். நானும் அவரை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எல்லாம் புரிந்தது. அங்கே என்ன சொல்லப்பட்டது, ஏன் சொல்லப்பட்டது, எல்லாமே புரிந்தது.

“அடுத்த பிக்னிக் எப்பம்மா?” என்று கேட்டது நான்தான்.