வஹென் குடும்பத்து வரலாறு

படிக்கத் தெரியாத தாளை ஒருவன் நாலு பேர் முன்னால் நீட்டக் கூடாது. நான் நீட்டினேன். அதுவும் என் நிச்சயதார்த்தத்தில்.

புதுச்சேரியில், வில்லியனூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எங்களுக்கு மட்டும்தான்: வஹென். (எழுத்தில் ‘ர’தான்; பிரெஞ்சு உச்சரிப்பில் அதைத் தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரி ‘ஹ’ என்று எடுக்க வேண்டும்.) இணையத்தில் தேடினால் பிரான்ஸில் அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். இந்தியாவில் எனக்குக் கிடைத்தது பதினோரு பேர். பதினோரு பேரும் எங்கள் தெருவில்தான் குடியிருந்தோம். இந்த ஆராய்ச்சியிலிருந்து நான் கண்ட முடிவு: எங்கள் முன்னோர், கப்பலில் வந்த பிரெஞ்சுத் தளபதி. (என் கறுப்பு நிறம்? வெயில்தான் காரணம்.)

அப்பா நம்பவில்லை. “தளபதி, களையெடுக்க வரியாடா?” என்பார்.

பெண் நிர்மலாவுக்குக் கரையாம்புத்தூர். தனியார் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். அவளை அசத்துவதற்காக, எங்கள் முன்னோரின் பெயர் ஏறிய பிரெஞ்சு ஆட்சிக்காலப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை அலைந்து வாங்கி, லேமினேஷன் செய்து வைத்தேன். அந்தக் கிறுக்கல் பிரெஞ்சில் எனக்குப் புரிந்தது எங்கள் பெயர் ஒன்றுதான்.

நிச்சயதார்த்தத்தன்று பாதிரியார் ஜெபம் முடித்ததும் எழுந்து தளபதி கதையை அவிழ்த்துவிட்டேன். கப்பல், புயல், வாள் எல்லாம் வந்தன.

“வாளு இன்னும் வூட்ல இருக்குதா மாப்ள?” என்றார் வருங்கால மாமனார்.

“தேடிக்கினு இருக்கோம் மாமா,” என்று சொல்லி, தாளை நிர்மலாவிடம் நீட்டினேன். “நீங்களே படிச்சிச் சொல்லுங்க.”

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சத்தமா படிமா,” என்றார் அவள் அப்பா.

“குடும்பப் பேரு பதியற எடத்துல குமாஸ்தா எழுதியிருக்காருப்பா. ‘என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதற்கு, விவசாயி சவரிமுத்து, வரேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பவில்லை. அவர் சொன்ன பெயரே பதியப்பட்டது.’”

“வூட்ல கேட்டுட்டு வரேன்னு கெளம்பியிருப்பாரு,” என்றார் என் அப்பா நிதானமாக. “நடவு நேரமா இருந்திருக்கும்.”

முதலில் சிரித்தது பாதிரியார். பிறகு கூடம் முழுக்க. நான் தாளால் முகத்தை மறைத்தேன். வியர்வையில் அது மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப வாளு?”

“இல்ல மாமா.”

“கப்பலு?”

“அதுவும் இல்ல.”

மோதிரம் இன்னும் தட்டிலேயே இருந்தது. அவர் மகள் பக்கம் திரும்பினார். “இப்பிடிப் புளுகறாரே. நீ இன்னாமா சொல்ற?”

நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் தளபதி மாதிரி இல்லை. கடல் தண்ணீரை விழுங்கிவிட்டவன் மாதிரி நின்றேன்.

“அவங்க தாத்தா போறேன்னு சொல்லலயேப்பா, வரேன்னுதான சொன்னாரு,” என்றாள். “நல்ல பேருதான். எனக்குப் புடிச்சிருக்கு.” விரலை நீட்டினாள்.

இன்றும் கரையாம்புத்தூர் வீட்டில் யார் “வரேன்” என்று கிளம்பினாலும், “மாப்ள, உங்களக் கூப்டுறாங்க,” என்பார் மாமனார். நானும் தொண்டையிலிருந்து அந்த முள்ளை எடுத்துவிட்டு, தமிழிலேயே பெயரைச் சொல்லப் பழகிவிட்டேன்.

போன வருஷம் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த பெண்மணி, தலை நிமிராமல் குடும்பப் பெயர் கேட்டார்.

“வரேன்,” என்றேன்.

“இருங்க சார்,” என்றார் அவர். “பேரச் சொல்லிட்டுப் போங்க.”