வில்கமுவ காஸிமின் காதுகள்

"ஆள் யாரு?" என்று மஹ்ரூப் ஹாஜியார் கேட்டது, ஓர் ஏழைக்கு உதவி வேண்டும் என்று வந்திருந்த அப்துல் ஸமதின் காதில் விழுந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. விழாமல் போயிருந்தால் வழக்கம்போலத் தலையை ஆட்டி, ஸலாம் சொல்லி, வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

"காஸிம்," என்றார் ஸமத், வாயில் வந்த பெயரை. "வில்கமுவ காஸிம். உம்மாட வழியில எனக்குச் சொந்தம். பாவம், ரெண்டு காதும் கேக்குதில்ல. கமிட்டியால ஒரு காது மெஷின் வாங்கிக் குடுத்தா பெரிய நன்மை."

பலாபத்வலைப் பக்கத்துச் சின்னப் பள்ளிவாசல் ஒன்றில், ஏழைகளுக்கான ஸகாத் காசைப் பிரித்துக் கொடுக்கிற கமிட்டியின் தலைவர் ஹாஜியார். இளகிய மனசுக்காரர். அதிலும் தூரத்து ஊர் ஏழை என்றால் இன்னும் கொஞ்சம் இளகிவிடுவார். பெயரைக் கேட்டதுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வில்கமுவவில் அப்படியொரு காஸிம் இருந்தால் அது ஸமதுக்குத் தெரியாது. கேட்காமல் போன அந்த இரண்டு காதுகளும் ஸமதுடையவை.

ஊர் ஊராகப் போய் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளை டவுனில் விற்கிறவர் ஸமத். காது மெல்ல மெல்ல மங்கத் தொடங்கியபோது அவர் தானாகவே கண்டுபிடித்த வைத்தியம் தலையாட்டல். யார் என்ன சொன்னாலும் கண்ணை லேசாக மூடுவார், யோசிப்பார், பிறகு நிதானமாகத் தலையை ஆட்டுவார். இதனால் ஊரில் அவருக்கு ஆழமான மனிதர் என்று பெயர் வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேரச் சொல்லிக்கூடக் கேட்டார்கள். அதற்கும் தலையாட்டினார், ஆனால் ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. சேர்ந்தது அவருக்குத் தெரியாது.

உண்மை தெரிந்தவர்கள் மனைவி ஸரீனாவும் மகள் ஜெஸ்லாவும் மட்டும். பிளேன்டீ வேண்டுமா என்று கேட்கக்கூட அந்த வீட்டில் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தார் அவர்களைச் சண்டைக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று மூவரும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்தத் தடவை தலையாட்டல் உதவாது. ஜெஸ்லாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். ஒரே மகள். மகளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன் என்று வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தன் காதால் கேட்காமல் பெண்ணைக் கொடுப்பதில்லை என்று ஸமத் கண்டிக்கு பஸ் ஏறினார்.

கண்டியில் காது பார்க்கிற இடத்தில் மெஷினின் விலையைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். வாயால் சொல்லியிருந்தால் கேட்காமலாவது போயிருக்கும். கையிலிருந்ததெல்லாம் ஏற்கனவே கல்யாணத்தில் போயிருந்தது. நாலு பேரிடம் வாய்விட்டு உதவி கேட்கவும் வழியில்லை. மாப்பிள்ளை பஸ்லியின் உம்மா சம்பந்தம் பேச வந்த அன்றே, குடும்பத்தில் சீனி வருத்தம் உண்டா, இழுப்பு உண்டா, பிரஷர் உண்டா என்று மூன்று தலைமுறைக்கு விசாரித்தவர். பெண்ணின் வாப்பா செவிடு என்று தெரிந்தால் பிறக்கப்போகிற பேரப்பிள்ளையின் காதுவரை யோசித்து, கல்யாணத்தையே முறித்துவிடுவார்.

அப்படித்தான் காஸிம் பிறந்தார். மகளின் கல்யாணத்தில் நொடிந்துபோனவனுக்கு ஸகாத் எடுக்க உரிமை இருக்கிறது, பெயரை மட்டும்தானே மாற்றினோம் என்று ஸமத் தன் மனசாட்சியைத் தட்டிக்கொடுத்து வைத்திருந்தார்.

ஹாஜியார் மேற்கொண்டு விசாரிக்கத் தொடங்கியபோது யாரோ விசிறியைப் போட்டுவிட்டார்கள். அதன் இரைச்சலோடு ஸமதுக்கு மிச்சம் எல்லாம் போயிற்று. ஹாஜியாரின் வாய் அசைந்தது, ஸமத் தலையாட்டினார். மறுபடி அசைந்தது, மறுபடி ஆட்டினார். ஆட்ட ஆட்ட ஹாஜியாரின் முகம் கோணிக்கொண்டே போய், கடைசியில் எழுந்து ஸமதைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். காரியம் பலித்தது என்று ஸமத் சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவரை ஸரீனா வாசலிலேயே மறித்தாள். பள்ளி ஸ்பீக்கரில் ஹாஜியார் பேசியது அடுப்படிவரை கேட்டிருந்தது.

"காஸிமுக்கு அஞ்சு புள்ளயா?" என்று கத்தினாள்.

"எந்தக் காஸிமுக்கு?"

"நீங்க பெத்த காஸிமுக்குத்தான். அஞ்சும் பொம்புளப் புள்ள. வூட்டுக் கூரை ஒழுகுதாம். பொஞ்சாதி படுத்த படுக்கையாம். ஹாஜியார் கேட்ட எல்லாத்துக்கும் நீங்க ஓமெண்டு தலையாட்டினீங்களாம். பள்ளியில சனம் அழுவுதாம்."

ஸமத் முன் வரிசையில்தான் இருந்தார். எல்லோரும் அழுவதைப் பார்த்து, ஏதோ பழைய நபிமார் சரித்திரம் என்று நினைத்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அழுத சனம் அழுததோடு நிற்கவில்லை. அன்று பின்னேரமே கூரைத் தகரம் வந்து இறங்கியது. வில்கமுவவுக்கு வண்டி கிடைக்கும்வரை சாமான்களைச் சொந்தக்காரர் வீட்டில் வைப்பது என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. தகரத்துக்குப் பின்னால் அரிசி மூட்டை வந்தது. பெண் பிள்ளைகள் தொழில் பழகத் தையல் மெஷின் வந்தது. படுத்த படுக்கைக்காரிக்கு மெத்தை வந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் பால் ஆடு ஒன்றையும் கொண்டுவந்து கட்டினார். கல்யாணத்துக்கென்று வெள்ளையடித்த சுவரெல்லாம் தகரம் சாய்ந்து நின்றது. மேடைக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பூக்களில் பாதியை முதல் நாளே ஆடு தின்றுவிட்டது.

வராத ஒரே சாமான் காது மெஷின். அதற்குக் காஸிமே நேரில் வந்து காதுக்கு அளவு கொடுக்க வேண்டும் என்று ஹாஜியார் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தார். வாசலில் நின்று அவர் சொன்னதையெல்லாம் ஸரீனா உள்ளே வந்து ஸமதின் காதில் கத்தினாள். பஸ் ஒழுங்காக ஓடாத இடம், பாவம் எப்படி வருவார் என்றார் ஸமத். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நாங்களே வேனில் போகிறோம், சாமானையும் இறக்கி ஆளையும் ஏற்றிக்கொண்டு வரலாம் என்றார் ஹாஜியார். அந்தப் பக்கம் யானைத் தொல்லை என்று ஸமத் பயமுறுத்திப் பார்த்தார். ஹாஜியார் ஒரு பெட்டி யானை வெடி வாங்கி அதையும் ஸமதின் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வேறு வழி தெரியாத ஸமத், சனிக்கிழமை அதிகாலை ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் ஹாஜியாரைத் தனியாகக் கூட்டிப்போய்க் காஸிமைக் கொன்றார்.

"வபாத்தாம்," என்றார். "இப்பத்தான் போன் கோல் வந்த."

செத்த மனிதருக்கு மெஷினும் வேண்டாம், வேனும் வேண்டாம் என்பது அவருடைய கணிப்பு. ஹாஜியாரை அவர் இன்னும் சரியாக அறிந்திருக்கவில்லை. தூரத்தில் இறந்தவருக்கு இங்கிருந்தே தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுகை பகல் லுஹருக்குப் பிறகு நடக்கும் என்று ஸ்பீக்கரில் அறிவிப்பு வந்தது. சொந்தக்காரர் என்பதால் ஸமதை இழுத்து முன் வரிசையில் நிறுத்தினார்கள். பிறக்காத ஒருவருக்காகக் கை கட்டி நின்ற ஸமத் மெல்லப் பின் வரிசைக்கு நழுவப் பார்த்தார். அவர் துக்கத்தில் சாய்கிறார் என்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு வேன் போதாது, அநாதையாகிவிட்ட அஞ்சு பிள்ளைகளையும் பார்க்க ஊரே வருகிறது என்று இரண்டாவது வேனும் பேசப்பட்டது.

சேதி மாத்தளை டவுனுக்கும் போய்ச் சேர்ந்தது. பஸ்லியின் வாப்பா துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். உருக்கமான முகத்தோடு தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். ஸமத் கண்ணை மூடி, யோசித்து, தலையாட்டினார். அவர் எழுந்து போனதும் ஸரீனா தலையில் கை வைத்துக்கொண்டு தகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனத்துக்குத் தலையாட்டினீங்க எண்டு தெரியுமா? மௌத்து நடந்த குடும்பம், கலியாணத்த ஹஜ்ஜுக்குப் பொறகு வெச்சுக்குவமா எண்டு அவர் கேட்டாரு. நீங்களும் சரியெண்டுட்டீங்க."

ஜெஸ்லா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸமத் பின்னாலேயே போய்க் கதவில் காதை வைத்தார். உள்ளே அவள் அழுகிறாளா, சும்மா இருக்கிறாளா என்று தெரியவில்லை. பெற்ற மகள் அழுகிறாளா என்பதுகூடக் கேட்காத காதை இத்தனை நாள் என்னத்துக்குப் பொத்திப் பொத்தி வைத்தோம் என்று அவருக்குத் துக்கம் பொங்கியது. அதுவரை இருந்த வெட்கமெல்லாம் அந்தத் துக்கத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

பின்னேர அஸர்த் தொழுகை முடிந்து ஹாஜியார் ஒரு மூலையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். ஸமத் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதோடு காதாக ரகசியம் சொன்னார்.

"காஸிம் மௌத்தாகல்ல ஹாஜியார். காஸிம் எண்டு ஒருத்தர் பொறக்கவே இல்ல. காது கேக்காதது எனக்குத்தான். எண்ட மகளுட நிக்காஹ்ல மாப்புளட வாயால வார சொல்ல நான் கேக்கணும். வேற ஒண்டுக்கும் இல்ல."

ரகசியம்தான். ஆனால் தன் குரலின் அளவு தெரியாதவரின் ரகசியம். வுளூச் செய்கிற தொட்டியடியில் இருந்தவர்கள்வரை திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கழுவிய காலையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, கடைசியில் சிரிப்பு வந்து தஸ்பீஹ் கையிலிருந்து நழுவியது. முதலில் தவ்பாச் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பொய்க்கு ஸகாத் காசைத் தொடமாட்டேன், மெஷினை என் சொந்தக் கையால் கல்யாணப் பரிசாகத் தருகிறேன் என்று ஸமதின் முகத்துக்கு நேரே நின்று உரக்கச் சொன்னார். பிறகு பள்ளியில் இருந்த எல்லோரையும் கூட்டி, இந்தச் சேதி மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்று வாக்கு வாங்கினார்.

சொன்னபடி இரண்டு வேனும் வில்கமுவவுக்குப் போயின. ஒழுகுகிற கூரையைத் தேடி அங்கே யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. தகரமும் மெத்தையும் ஆடும் உண்மையான ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தன. யானை வெடிக்குத்தான் அதிக வரவேற்பு. ஹாஜியாரே பஸ்லியின் வாப்பாவுக்கு கோல் எடுத்து, மௌத்தானவர் மிகவும் தூரத்துச் சொந்தம், அவரை யாருமே கண்டதில்லை, கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நிக்காஹ் அன்று தலைப்பாகைக்குள் மெஷின்களை மறைத்துக்கொண்டு ஸமத் வந்து உட்கார்ந்தார். உலகம் இவ்வளவு சத்தம் போடும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். விசிறி கிரீச்சிட்டது, பின்னால் விருந்துக்கான சஹன் தட்டுகள் மோதின, பெண்கள் பக்கத்தில் வளையல்கள் கிலுங்கின. ஒவ்வொன்றும் அவருக்கு இனித்தது. விஷயம் தெரிந்த ஊரார் வாய் தவறிவிடுமோ என்று பயந்து, இருமக்கூட இருமாமல் விறைத்துப்போய் இருந்தார்கள்.

ஸமத் பஸ்லியின் கையைப் பிடித்தார். தன் குரலின் அளவு இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அதனால் கத்தவில்லை. மிருதுவாக, மரியாதையாக, மகள் ஜெஸ்லாவை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்லி, பதிலுக்காகக் காத்திருந்தார்.

பதில் வரவில்லை. பஸ்லி சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் நின்றுவிட்டதோ என்று ஸமத் தலைப்பாகையைத் தடவிப் பார்த்தார். இல்லை, விசிறி கேட்டது. பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று அடுத்த பயம் வந்தது. இன்னும் மெதுவாக, இரண்டாம் முறையும் சொன்னார்.

பஸ்லி கண்ணை லேசாக மூடினான், யோசித்தான், பிறகு நிதானமாகத் தலையை ஆட்டினான்.

மாப்பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவனுடைய மாமா, முன்னால் குனிந்து ஸமதின் தலைப்பாகை ஓரமாகக் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஸமத் நானா, மாப்புளக்கி மெல்லப் பேசினா கேக்காது, ஒங்கட வூட்டுல எல்லாரும் கத்தித்தான் பேசுவீங்க எண்டு கேள்விப்பட்டுத்தானே நாங்க இந்தச் சம்பந்தத்துக்கே வந்த."