அம்பு சார் ஒட்டிய கடைசி அம்பு

பழுதில்லாத பொருள் ஒண்ணு உலகத்துல இருக்குதுன்னு சாமியே நேர்ல வந்து சொல்லியிருந்தாலும், அம்பு சார் சாமியைத் திருப்பி நிறுத்தி முதுகுத் தையலைப் பார்த்திருப்பார்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஊரெல்லாம் காலேஜ் முளைச்ச சமயம். பனியன் கம்பெனி முதலாளி ஒருத்தர் பொங்கலூர்ப் பக்கம் ஒண்ணு கட்டினார். அங்கே ஹாஸ்டல் சமையல்கட்டை ஆண்டவள் நான். காலேஜ் தரத்தைப் பார்க்க, தன் கம்பெனி செக்கிங் மேனேஜரையே கொண்டுவந்து உட்கார வெச்சார் முதலாளி.

கம்பெனியில துணியில ஓட்டையோ கறையோ இருந்தா, அந்த இடத்துல சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. சரி பண்ணினாத்தான் உரிக்கலாம். மனுசன் அந்த ஸ்டிக்கர் கட்டோடவே காலேஜுக்கு வந்துட்டார்; பேரே அம்பு சார்னு ஆயிருச்சு. ஆடற பெஞ்சுக்கு அம்பு. ஒழுகற குழாய்க்கு அம்பு. தூங்கின வாத்தியார் கண்ணு முழிச்சா சட்டையில அம்பு. என் இட்லியையும் விடலை.

"ஏனுங்க சார், இட்லிக்கு என்னங்க குறை?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுங்க அம்மா. ஒரே லாட்டுச் சரக்குல ரெண்டு சைஸ் வரலாமுங்களா?"

"அளவு பார்த்துத் திங்க இதென்ன பனியனுங்களா?"

ஆண்டு விழாவுல முதலாளி பேசினார், பேசினார், பேசிக்கிட்டே இருந்தார். அம்பு சார் மேடையேறி மைக்குல ஒரு அம்பை ஒட்டிட்டு இறங்கினார். "நீளம் அளவு மீறிருச்சுங்க!"

கடைசியில புள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் கட்டு கொடுத்தார். புத்தகத்துல புரியாத பக்கத்துல ஒட்டணும். புரிய வெச்சு வாத்தியாரே உரிக்கணும். வாத்தியாருங்க கதறாத குறைதான்.

அப்பத்தான் காலேஜ் தரம் பார்த்து கிரேடு போடற கமிட்டி வருதுன்னு சேதி வந்துச்சு. "நல்ல கிரேடு வரலீன்னா காலேஜைப் பூட்டிட்டுத் தையல் மெஷின் போட்டர்றேன்"னுட்டார் முதலாளி. படிச்சதெல்லாம் பனியன் கம்பெனியில கூலி வேலை பார்க்கறவங்க புள்ளைக. பூட்டினா அதுகளும் பனியன் மடிக்கத்தான் போகணும்.

வாத்தியாருங்க பயந்து, கட்டடத்துல இருந்த அம்பையெல்லாம் உரிச்சுட்டாங்க. காலையில வந்த அம்பு சார் ருத்ர தாண்டவம் ஆடிட்டார்.

"பழுதை மறைச்சு அனுப்பின சரக்கு, கப்பலோட திரும்பி வருமுங்க!"

சரியாகாததுக்கெல்லாம் மறுபடி ஒட்டினார். முதலாளி முகத்துல ஈயாடலை.

கமிட்டியில தமிழ் தெரிஞ்ச மேடம் ஒருத்தர். நல்லாப் படிக்கிற புள்ளைகளை முன்னால உட்கார வெச்சிருந்தோம். அம்பு சாரோ, "நீங்களே எந்தப் பெட்டியை வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க மேடம்"னு, சரக்குப் பெட்டியைக் காட்டறாப்பல கடைசி பெஞ்சைக் காட்டினார். அங்கே திருநெல்வேலிப் பக்கத்துச் செல்வி. எந்நேரமும் பயந்த புள்ளை. டீ கொண்டுபோன நான் வாசல்லயே நின்னுட்டேன்.

மேடம் அவள் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பசைத் தடம்.

"இதென்னம்மா?"

"முதல்ல புரியாத எடம் மேடம். புரிஞ்சப்பறம் உரிச்சது."

"அப்ப அங்கேயே கேக்கட்டுமா?"

"கேளுங்க மேடம்."

கேட்டார். கேட்டதுக்கெல்லாம் செல்வி படபடன்னு சொன்னாள். ஒரு பக்கத்துல மட்டும் அம்பு அப்படியே இருந்துச்சு.

"இது?"

"அது எங்க சாருக்கே இன்னும் பிடிபடலை மேடம்!"

மேடம் சிரிச்ச சிரிப்பு சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. வந்தது முதல் கிரேடு! வெடிச்ச வெடியில பல்லடம் ரோட்டுல பஸ்ஸே நின்னு பார்த்துச்சு. முதலாளி அம்பு சாரைக் கட்டிப்பிடிச்சு அழுதார்.

அண்டா நிறையக் கேசரி கிண்டினேன். அம்பு சார் வாயில போட்டார், கண்ணை மூடினார், அப்புறம் அண்டா மூடியில ஒரு அம்பை ஒட்டினார்.

"முந்திரியெல்லாம் ஒரே பக்கமா நிக்குதுங்க அம்மா."

கொஞ்ச நாள்ல அம்பு சார் வேலையை விட்டுட்டு மகன் ஊட்டோட இருக்கப் போயிட்டார். அதுக்கப்புறம் கிண்டின கேசரியிலெல்லாம் முந்திரியை நாலாபக்கமும் சரியாத்தான் தூவினேன். அந்த மூடியை மட்டும் செவுத்துல மாட்டி வெச்சிருக்கேன். அம்பை இன்னும் உரிக்கலீங்க.