செல்விக்கு யாரும் பழம் போடாதீங்க

போன மாசம் எனக்கு வந்த வேலை ரொம்ப சாதாரணமானது. எங்க தாமான், அதாவது குடியிருப்பு, வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு சின்ன வீடியோ எடுக்கணும். குரங்குக்குச் சாப்பாடு போடாதீங்க, குப்பைத் தொட்டியை மூடி வைங்க. அவ்வளவுதான் விஷயம்.

நாங்க இருக்கறது செமினிங்கற ஊர்ல. வீட்டுக்கு எதிர்ல ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காடு. காலையில குரங்குக் கூட்டம் வந்து வீட்டுக்கு வீடு தொட்டியைத் திறந்து பார்த்துட்டுப் போகும். குப்பை லோரிகூட அவ்வளவு ஒழுங்கா வராது.

எனக்கு இதுல சுயநலமும் உண்டு. மகள் தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம், வீட்டிலேயே வச்சிருக்கோம். மாப்பிள்ளை வீடு கிள்ளான். வாசல்ல கூடாரம் போட்டு, அவங்க கொண்டு வர்ற தட்டு வரிசையை அங்கதான் வைக்கணும். அன்னிக்குக் குரங்கு புகுந்தா என் மானம் போயிடும்.

சும்மா அறிவிப்பு போட்டா யாரு பார்ப்பா? இதுவரைக்கும் என் அறிவிப்புக்குக் கைகூப்பி எமோஜி போட்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

நான் டிவியில மிருக டாக்குமெண்டரி விடாம பார்க்கறவ. ஒரு நண்டு மணல்ல நடந்து போறதை வச்சே நம்மளை அழ வச்சிடறாங்க. எப்படின்னு உட்கார்ந்து கவனிச்சேன். முதல்ல மிருகத்துக்கு ஒரு பேரு வைக்கிறாங்க. அப்புறம் அதுக்கு ஒரு கஷ்டத்தைக் கொடுக்கிறாங்க. உயிர் போற நேரத்துல மியூசிக்கை நிறுத்திட்டு, வேற மிருகத்தைக் காட்டப் போயிடறாங்க. நாம சோத்துத் தட்டோட அப்படியே உட்கார்ந்திருப்போம்.

இவ்வளவுதானே, நமக்கு வராதா?

வேலி மேல குட்டியோட ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருந்துச்சு. செல்வின்னு பேரு வச்சேன்.

உண்மையைச் சொல்லிடறேன். வீடியோவில வர்ற செல்வி மூணு குரங்கு. குட்டியைக் கட்டிப் பிடிச்சிருக்கறது ஒண்ணு, கரண்டு கம்பியில நடக்கறது ஒண்ணு, மழையில தனியா உட்கார்ந்திருக்கறது ஒண்ணு. மழையில நனைஞ்சது ஆம்பளைக் குரங்கு. அது கொட்டாவி விட்டப்பதான் "கதறுகிறாள்"னு நான் கமெண்ட்ரி கொடுத்தேன்.

புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னும் ஒரு வரி சேர்த்தேன். அதுக்கு என்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல.

குரலைத் தாழ்த்தி, "இன்று செல்வியின் குழந்தைக்கு உணவு கிடைக்குமா?" அப்படின்னு முடிச்சேன். ஸ்கிரீன் கறுப்பாயிடும். அதுக்கப்புறம்தான் நம்ம அறிவிப்பு: தயவுசெய்து குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரர் பார்த்துட்டு மூக்கை உறிஞ்சினார். "என்ன வசந்தி, பச்சைப் புள்ளைக்குப் போய் சோறு போடாதேன்னு சொல்றே?"

"அதுதாங்க விஷயமே."

"உனக்கு மனசே இல்ல."

அங்கயே நிறுத்தியிருக்கணும். நான் குரூப்ல போட்டுட்டேன்.

மெசேஜ் கொட்டுது. "செல்வி சாப்பிட்டாளா சிஸ்டர்?" "அந்தப் புருஷன் இப்ப எங்க இருக்கான்?" மூணாவது வீட்டு மிஸஸ் லிம் அழுகை எமோஜியா அனுப்பியிருந்தாங்க. அவங்களுக்குத் தமிழே தெரியாது. மியூசிக்குக்கே அழுதிருக்காங்க.

மறுநாள் காலையில வேலி நெடுக வாழைப்பழச் சீப்பு தொங்குது. பக்கத்து வீட்டு பரமேஸ் அக்கா கையில இட்லித் தட்டோட நிக்கிறாங்க.

"சட்னி வைக்கல வசந்தி. காரம் அதுக்கு ஆகாதுல்ல?"

"அக்கா, போடாதீங்கன்னு வீடியோ கடைசியில சொல்லியிருக்கேனே?"

"கடைசி வரைக்கும் யாரு லா பார்த்தா? அழுகை வந்துடுச்சு, நிறுத்திட்டேன்."

சேதி காட்டுக்குள்ள பரவிடுச்சு போல. ஒரு கூட்டம் வந்த இடத்துல மூணு கூட்டம் வர ஆரம்பிச்சுது. பயந்துபோய் குரூப்ல உண்மையை எழுதினேன். செல்வின்னு ஒருத்தி இல்ல, அது மூணு குரங்கு, எந்தப் புருஷனும் ஓடிப் போகல. ஒருத்தரும் நம்பல. "அக்காவை யாரோ மிரட்டி எழுத வச்சிருக்காங்க"ன்னு ஒரு பதில் வந்துச்சு. அதுக்கு நாப்பது பேர் தம்ஸ் அப்.

நிச்சயதார்த்த நாளும் வந்துச்சு. சம்பந்தியம்மா கார்ல இருந்து இறங்கினாங்க. வணக்கம் சொன்னேன். அவங்க வேலிப் பக்கம் எட்டிப் பார்த்து, "செல்வி எங்க சம்பந்தி?"ன்னாங்க. வீடியோ கிள்ளான் வரைக்கும் போயிருக்கு.

ஒன்பது தட்டு கொண்டு வந்திருந்தாங்க. புடவை, பூ, பழம், லட்டுன்னு கூடாரத்துக்குக் கீழ வரிசையா வச்சாங்க. ஐயர் வந்து உட்கார்ந்தார். செல்வியும் குடும்பத்தோட வந்தா.

யாரும் விரட்டல. எல்லாரும் போனைத் தூக்கிட்டாங்க. "சூ"ன்னு சொன்ன ஒரே ஆள் நான். என்னைத்தான் முறைச்சாங்க. அதுக்குள்ள ஒரு குரங்கு லட்டுத் தட்டைத் தட்டோடயே தூக்கிட்டுக் கூரை மேல போயிடுச்சு.

மாப்பிள்ளையோட பெரியம்மா எண்ணிப் பார்த்துட்டு முகம் மாறிட்டாங்க. "எட்டாயிடுச்சே. ரெட்டைப் படையில நிச்சயம் பண்ண மாட்டோம்."

தர்ஷினி என்னைப் பார்த்தா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருக்கு. பெத்த பொண்ணோட நல்ல காரியத்தை ஒரு வீடியோ எடுத்துக் கெடுத்துட்டேனே.

"எங்க தட்டு ஒண்ணைச் சேர்த்துக்கலாமே?"ன்னு கேட்டேன்.

"பொண்ணு வீட்டுத் தட்டை எங்க வரிசையில எப்படிம்மா சேர்க்கறது?"ன்னாங்க பெரியம்மா.

ஐயர் தொண்டையைச் செருமினார். "சேர்க்க முடியலைன்னா குறைச்சிடுங்கோ. ஏழு நல்ல எண்தான்."

சம்பந்தியம்மா முகம் மலர்ந்துச்சு. "அப்ப பழத்தட்டை செல்விக்கே கொடுத்துடலாம். கைக்குழந்தைக்காரி, வாயைத் திறந்து கேக்கவா முடியும்? சம்பந்தி, நீங்களே கொடுங்க. அவளுக்கு உங்களைத்தான் பழக்கம்."

பட்டுப் புடவையோட வேலி வரைக்கும் நடந்தேன். ரெண்டு கையாலயும் தட்டை நீட்டினேன். ஆப்பிளை எடுத்தது அந்த மழையில நனைஞ்ச ஆம்பளைக் குரங்கு. பின்னாடி இருந்து பெரியம்மா, "தாய் மனசு பாரு"ன்னு கண்ணைத் துடைக்கிறாங்க. நான் திருத்தல. நிச்சயம் நடக்கணும்.

நடந்துச்சு. ஏழு தட்டோட நல்லபடியா தாம்பூலம் மாத்திக்கிட்டோம். தர்ஷினி சிரிச்சப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கிளம்பறப்ப மெதுவா பேச்சை எடுத்தேன். "கல்யாணத்தை ஏர்கோன் மண்டபத்துல வச்சுக்கலாம் சம்பந்தி. நாலு பக்கமும் கதவு இருக்கும்."

சம்பந்தியம்மா கவலையோட கேட்டாங்க. "அப்ப செல்வி எப்படி வருவா?"

கார் அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்.