முனுசாமி ரத்தமும் ஒரு சொம்பு மோரும்

நிச்சயதார்த்தத்தன்று, வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்ட மாப்பிள்ளை தருமபுரிப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் அவர்கள் வெளியே சொல்லாமல் சமாளித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இண்டூரில் அன்றைக்கு நாற்பது பேர் சாட்சி. (அந்த நாற்பது பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்கள்.)

பழியை ரத்தத்தின்மேல் போடுகிறேன். என் ரத்தம் அல்ல, முனுசாமி ரத்தம்.

யுத்த காலம் அது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. எனக்கு ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற உத்தியோகம். காக்கி அரைக்கால்சட்டை, ஒரு தொப்பி, கையில் தகரப் பெட்டி. நான் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் குதிருக்குப் பின்னால் ஒளிவார்கள். மீசை வைத்த ஆம்பிளைகளுக்குத் திடீரென்று காட்டுப்பக்கம் வேலை வந்துவிடும். அந்தக் காலத்தில் அம்மைப்பாலைக் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்துத்தான் எடுப்பார்கள். இது எப்படியோ ஜனங்களுக்குத் தெரிந்துபோயிற்று. மாட்டுச் சரக்கை மனுஷன் உடம்பில் ஏற்றினால் மனுஷன் என்ன ஆவான் என்று பயந்தார்கள். அதற்காகவே நான் ஒரு பிரசங்கம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"குத்திக்கிட்டவன் எவனாச்சும் புல்லு மேஞ்சானா? கொம்பு மொளைச்சுதா? எங்கிருந்து வந்தா என்னா, நம்ம ஒடம்புக்குள்ள வந்துட்டா அது நம்முளுதுதான். கையை நீட்டு!"

இந்தப் பிரசங்கத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததால்தான் இவ்வளவு வம்பும்.

இண்டூர் என் தாய்மாமன் ஊர். அங்கே அம்மை கண்டபோது மாமன் வீட்டுக்கும் போய்க் குத்தினேன். மாமன் மகள் மாதம்மாளிடமும் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "பேசி முடிச்சிட்டீங்களா மாமா? சட்டுனு குத்துங்க, களி கிண்டணும்" என்று கையை நீட்டினாள். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. முறைப்பெண் என்பதால் பெரியவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. அறுப்பு முடிந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பேசி வைத்தார்கள்.

அதற்குள் என்னை வத்தல்மலைக்குப் போய் அம்மை குத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஏறினேன். மலை ஜனங்கள் என்னைக் கண்டதும் சாமைக் காட்டுக்குள் ஓடினார்கள். நான் பின்னால் துரத்தினேன். பத்து நாள் துரத்தியதில் நான் குத்தியது இருபது பேரை. என்னைக் குத்திய கொசுக்களுக்குக் கணக்கே இல்லை. மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

என் ஊரான நல்லம்பள்ளிக்கு என்னைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கொயினா மருந்து குடித்தும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஒரு மாதத்தில் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் வற்றி, நாக்கும் நகமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டன. சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. எங்கள் பஸ் தொப்பூர்க் கணவாயில் ஒரு மேடு ஏறாமல் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நான் உள்ளே படுத்துக்கொண்டு, சாகிறதாக இருந்தால் இந்த மேடு ஏறிய பிறகாவது சாகவேண்டும், இத்தனை பேர் தள்ளியது வீணாகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு டாக்டர் இருந்தார். "வேற ஆள் ரத்தம் ஏத்தினாத்தான் பொழைப்பான். சொந்தக்காரங்க யார் தர்றீங்க?" என்றார்.

என்னோடு ஆறு சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒருவருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஞாபகம் வந்தது. (மாடு நல்லம்பள்ளியில் இருந்தது.) ஒருவர் வெற்றிலை வாங்கப் போனார், தை மாதம்தான் அவரை மறுபடி பார்த்தேன். என் பெரியப்பா, "எனக்கே ரத்தம் பத்தலைங்க டாக்டரே" என்று கண்ணைக் கீழே இழுத்துக் காட்டினார். மிஞ்சியது முனுசாமி மச்சான் மட்டும்தான். மாதம்மாளின் அண்ணன். கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிற ஆகிருதி, முறுக்கிய மீசை, இடி மாதிரி குரல், ஒரு வேளைக்கு நாலு உருண்டை களி.

"குடுத்தா எனக்கு எதுனா ஆவுங்களா?"

"ஒண்ணும் ஆகாது. பாலும் ரொட்டியும் தருவாங்க."

"எத்தினி ரொட்டிங்க?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டார்.

சோதித்துப் பார்த்து, பொருந்துகிறது என்றார்கள். தங்கையோடு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் அண்ணனோடு ரத்தப் பொருத்தம் பார்த்துவிட்டேன். ஊரையே குத்திய நான், என் கையில் ஊசி இறங்கியபோது போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்களாம். பாட்டில் காலியானபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே நீ பாதி முனுசாமி!" என்றார். மச்சான் ஏழாவது ரொட்டியில் இருந்தார்.

டாக்டர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் உயிலைப்போல் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு பேய்ப்பசி எடுத்தது. ஒரு உருண்டைக்கே திணறுகிறவன் மூன்று உருண்டை களியை முழுங்கிவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குப் பசிக்கும் என்று கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இது முனுசாமிப் பசி என்று முடிவு கட்டினேன். ஒருநாள் தும்மினேன், காக்காய் பறந்தது. முனுசாமித் தும்மல். கிணற்றடியில் என்னையறியாமல் கூத்துப்பாட்டு ஒன்றை முணுமுணுத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. கண்ணாடியில் மீசையைப் பார்த்தேன். மீசை மட்டும் என்னுடையதாகவே, அதாவது இல்லாததாகவே, இருந்தது. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன். என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், போய் நிற்கிற ஆள் நான்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

இந்த லட்சணத்தில் நிச்சயதார்த்தம் வந்தது. இண்டூருக்கு மாட்டுவண்டியில் போனோம். பெரியப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏண்டா, முனுசாமி ரத்தம் உன் ஒடம்புல ஓடுது இல்ல?"

"ஓடுதுங்க பெரியப்பா."

"ஒரே ரத்தம் ஓடுனா பங்காளி. நீ அவனுக்குப் பங்காளின்னா, அவன் தங்கச்சி உனக்கு என்னா மொறை?"

வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது. மாமன் மகளைக் கட்டலாம், பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஊர் ஏற்காது. பெரியப்பா கேலிக்குக் கேட்டாரா, வினையாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. (ரத்தம் கொடுக்காமல் நழுவியவருக்கு அந்த ரத்தத்தின்மேல் அவ்வளவு அக்கறை.) மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்களே, அந்தக் கதைதான். மீதி வழியெல்லாம் மனசுக்குள், 'தங்கச்சி இல்லை, தங்கச்சி இல்லை' என்று ஜபித்துக்கொண்டே போனேன்.

மாமன் வீட்டில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். மாதம்மாள் ஒரு பெரிய சொம்பில் மோர் கொண்டுவந்து எனக்கு முன்னால் இருந்த டம்ளரில் ஊற்றினாள். நிமிர்ந்து பார்த்தேன். புதுப்புடவை, கையில் நான் குத்திய தழும்பு. இவள் கிடைக்காமல் போனால் நான் பிழைத்து எழுந்ததே வீண் என்று தோன்றிற்று. டம்ளர் நிரம்பி வழியப் போயிற்று. வாயைத் திறந்தேன்.

"போதும் தங்கச்சி."

சொன்னது என் குரல் இல்லை, இடி மாதிரி வந்தது. வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாப்ளே, என்னா வார்த்தைங்க சொல்லிட்டீங்க!" என்றார் மாமன்.

"அவன் சொல்லல. ரத்தம் சொல்லுது," என்றார் பெரியப்பா, வெகு நிம்மதியாக. "பங்காளி வூட்டுல பொண்ணெடுக்கறது மொறையில்ல. தட்டை எடுத்து வையுங்க."

அப்போது முனுசாமி மச்சான் எழுந்தார். எனக்காகப் பேசப் போகிறார் என்று நம்பினேன். அவர் கண்ணில் தண்ணீர். "கூடப் பொறந்ததெல்லாம் பொட்டப்புள்ளைங்களாப் போச்சே, மல்லுக்கட்ட ஒரு தம்பி இல்லியேன்னு எத்தினி நாள் நெனைச்சிருப்பேன்! தம்பீ!" என்று என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் அக்குளுக்குள் மாட்டிக்கொண்டு, என் கல்யாணம் கைவிட்டுப் போவதை ஒரு கண்ணால் பார்த்தேன். யாரோ தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"தட்டு அங்கியே இருக்கட்டுங்க."

மாதம்மாள். சொம்பைக் கீழே வைக்கவே இல்லை. பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"பெரிய மாமா, உங்க கையில அம்மை குத்துன தழும்பு இருக்குதுங்களா?"

"இருக்குது. இவன்தான் குத்தினான்."

"அது கன்னுக்குட்டி கிட்டருந்து வந்ததுங்க. அப்ப அந்தக் கன்னுக்குட்டி உங்களுக்குப் பங்காளிங்களா?"

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். பெரியப்பா, "மாட்டுக்கும் மனுசனுக்கும் ஏதும்மா மொறை?" என்றார்.

"எங்கிருந்து வந்தா என்னா, நம்ம ஒடம்புக்குள்ள வந்துட்டா அது நம்முளுதுதான்னு இவரு ஊரு ஊரா சொன்னாரு. நான் நம்பித்தான் கையை நீட்டினேன். எங்கண்ணன் ரத்தம் இவரு ஒடம்புக்குள்ள போனப்பவே இவரு ரத்தம் ஆயிப்போச்சு. மொறை மாறுனது ரத்தத்துல இல்லைங்க, இவரு வாயில. அந்த வாயை மட்டும் திருத்திக்கச் சொல்லுங்க."

என்னுடைய பிரசங்கத்துக்கு நானே தலைகுனிந்தது அன்று ஒருநாள்தான். மாமன் முதலில் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. பெரியப்பா மட்டும் தன் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா மோர் கேளுங்க. மொறையாக் கேளுங்க," என்றாள் மாதம்மாள்.

"கொஞ்சம்... மோர் ஊத்து, மாதம்மா."

ஊற்றினாள். குடித்தேன். மறுபடி ஊற்றினாள். 'போதும்' என்று வாயைத் திறந்தால் பின்னாலேயே என்ன வந்து தொலைக்குமோ என்று பயம். திறக்கவில்லை. அவளும் விடவில்லை. சொம்பு காலியாகிறவரைக்கும் குடித்தேன். தட்டு மாற்றியபோது எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை, முனுசாமி மச்சான்தான் தூக்கி நிறுத்தினார்.

கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் மாதம்மாள் கத்தமாட்டாள். "அண்ணா, சோறு வெச்சிருக்கேன்" என்பாள். பிள்ளைகள் உடனே வெளியே ஓடிவிடுவார்கள். மோர் மட்டும் இந்த வீட்டில் யாரும் எனக்கு அளந்து ஊற்றியதில்லை.

முனுசாமி மச்சான் நல்ல வயசு இருந்து போனார். சாவு வீட்டில் பங்காளிகள் வரிசையாக மொட்டை போட உட்கார்ந்தார்கள். மைத்துனன் உட்காரக் கூடாது. நான் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். நாவிதர் கத்தியோடு தயங்கினார், ஊர்ப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எடு என்றேன். அந்த மனுஷன் இல்லாவிட்டால் மழிக்கத் தலையே இருந்திருக்காது.

மொட்டைத் தலையோடு வீட்டுக்குள் போனேன். அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்த மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடைசியில ஒத்துக்கிட்டீங்களா, அண்ணா?" என்று கேட்டாள்.