சத்தத்துக்குப் பயந்த மைக்செட்காரர்

தருமபுரி மாவட்டத்தில் பாதி அரசியல் சண்டைகளை நடக்கவிடாமல் தடுத்தவரும், மீதிப் பாதியைத் தொடங்கி வைத்தவரும் ஒரே ஆள்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். காரிமங்கலத்தில் யாருக்கும் அது தெரியாது. மைக்செட்காரர் என்றால் கை காட்டுவார்கள்.

அவர் கடைக்கு மேல்மாடியில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் அவர் செட்டுதான். எவரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது, எவருடைய ஆளாகவும் தெரிந்துவிடக் கூடாது என்று மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. யாராவது வேட்டி எடுத்துக் கொடுத்தால் கரையைக் கத்தரித்துவிட்டுத்தான் கட்டுவார். மேடையில் கேமராவைக் கண்டால் திரும்பிக்கொள்வார். தாலுகாவின் எல்லாக் கட்சி ஆல்பத்திலும் அவர் முதுகு இருக்கிறது. மைக்கைச் சோதிக்கும்போது 'ஒன், டூ' வரைக்கும்தான் எண்ணுவார்.

"த்ரீ ஏங்க சொல்றதில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணாவது அணிக்கு ஆள் சேக்கறான்னு எவனாச்சும் கெளப்பி வுட்ருவான் சார். நமக்கெதுக்குங்க வம்பு?"

பேச்சாளர் யாரையாவது திட்டப்போகிறார் என்று தெரிந்தால் இவர் கை தானாக வால்யூம் திருகுக்குப் போய்விடும். சரியாக அந்த வார்த்தையில் சத்தம் செத்துப்போகும். "கேஸ் போட்டா பேசுனவருக்கு வக்கீல் இருக்காருங்க. எனக்கு யாரு இருக்கா? செட்டத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்பார்.

ஒருமுறை சந்தைப் பக்கம் கூட்டம். "அவர் ஒரு பெரிய..." என்று பேச்சாளர் எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி ஆரம்பித்ததுமே சத்தம் நின்றுவிட்டது. விட்டுப்போன வார்த்தையைக் கூட்டம் அவரவர் வளர்ப்புக்குத் தகுந்தபடி நிரப்பிக்கொண்டது. பத்து நிமிடத்தில் நாற்காலிகள் பறந்தன. பேச்சாளர் உண்மையில் சொன்னது 'சோம்பேறி' என்பதுதான். அது தெரிந்த பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகச் சேர்ந்து மைக்செட்காரரைத் தேடினார்கள். அவர் மேடைக்கு அடியில், ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்பேர்ப்பட்டவர்தான் பக்கத்துக் கிராமத்தில் கிராம சபைக்கு மைக் கட்டப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அந்த ஊரில் ஒரு தெருவுக்கு நான்கு மாதமாகக் குடிநீர் இல்லை. பெண்கள் ஒரு மைல் நடந்து, யாருடைய கொல்லைக் கிணற்றிலிருந்தோ சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். சபையில் பேசித் தீர்மானத்தில் ஏற்றினால்தான் லாரித் தண்ணீராவது வரும். அந்தத் தெருவின் சின்னபாப்பா முந்தைய இரண்டு கூட்டங்களிலும் எழுந்து பேசினாள். அப்போதும் இவர் செட்டுதான். இரண்டு முறையும் ஊராட்சித் தலைவர் இவரை முறைத்தார். இரண்டு முறையும் மைக் ஊமையாகிவிட்டது.

அன்று கூட்டம் தொடங்குமுன் சின்னபாப்பா நேரே இவரிடம் வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"வெயில்ல நிக்கிறீங்க, குடிங்கண்ணா. போன ரெண்டு தடவயும் நான் பேசறப்பவே உங்க மைக்கு நின்னுபோச்சு. பழைய செட்டு, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க! இன்னிக்காவது கொஞ்சம் பாத்து வெய்ங்கண்ணா."

சொம்பைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. எவ்வளவு தூரம் நடந்து வந்த தண்ணீர் என்று அவருக்குத் தெரியும்.

சின்னபாப்பா எழுந்தாள். "தண்ணி" என்று வாயெடுத்தாள். தலைவர் இவரைப் பார்த்து விரலை இடப்பக்கமாகச் சுழற்றினார். மைக்செட்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திருகை வலப்பக்கம் கடைசிவரைக்கும் திருகிவிட்டார்.

வேப்பமரத்து ஸ்பீக்கர் அலறியது. சின்னபாப்பாவின் நான்கு மாதத் தாகம் அடுத்த ஊர்வரைக்கும் கேட்டது. ரோட்டில் போன பஸ்ஸே நின்றுவிட்டது.

"சத்தத்தக் கொறைய்யா!" என்று தலைவர் கத்தினார்.

"கொறைக்கிற பக்கம் தேஞ்சு போச்சுங்க!"

இத்தனை பேர் கேட்ட பிறகு எழுதாமல் முடியுமா? தீர்மானத்தில் ஏறியது. மைக்செட்காரர் ஒயரைக்கூடச் சுருட்டாமல் பொம்மிடியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஓடிவிட்டார். தினம் மூன்று வேளையும் எனக்குப் போன் வந்தது.

"சார், போலீசு வந்துச்சா?"

"வரலைங்க. ஊராட்சித் தலைவர்தான் வந்தார்."

"ஐயோ, நான் எங்கருக்கேன்னு தெரியாதுன்னு சொல்லிருங்க சார்!"

"மகள் கல்யாணத்துக்கு உங்க செட்டுதான் வேணுமாம். இம்மாந்தூரம் கேக்கற செட்டு வேற யாருகிட்டயும் இல்லையாம்."

அப்படியும் பஸ்ஸில் வரப் பயம். நான்தான் பைக்கில் போய் அழைத்து வந்தேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வரும் வழியில் அந்தத் தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

"மைக்செட் அண்ணா!" என்று ஒரே கூச்சல். சின்னபாப்பாவின் குரல் மைக் இல்லாமலே தனியாகக் கேட்டது.

"நிறுத்தாதீங்க சார்! எவனாச்சும் வீடியோ எடுத்துருவான்!" என்று என் முதுகில் குத்தினார்.

ஆக்சிலரேட்டரை வேகமாகத் திருகினேன். பத்தடி போயிருப்போம்.

"சார்... கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

நான் வண்டியையே நிறுத்திவிட்டேன். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லலாம்; வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.